கோத்தகிரி பக்கம் பழைய வீட்டுக்குக் கூரை மாற்றப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் படிக்கவும்

கோத்தகிரி, கட்டபெட்டு, குன்னூர் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்க கான்ட்ராக்டர் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கைமாறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டு வேலைக்கு ஒரு கான்ட்ராக்டரிடம் 7,25,000 ரூபாய் கொடுத்தோம். அந்த ஆள் வராமல் போன பிறகு ஒரு பொறியாளரை அழைத்து அளக்கச் சொன்னோம். நடந்திருக்கும் வேலை 3,10,000 ரூபாய்க்கு மேல் பெறாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் பணம் வாங்கிய முறையைத்தான் எழுதுகிறேன். விசாரித்துப் பார்த்ததில் அதே முறையில் ஏமாந்தவர்கள் இந்த மலையில் இன்னும் இருக்கிறார்கள்.

வீடு என் மாமனார் காலத்துக்கும் முந்தையது. மண் சாந்து வைத்துக் கட்டிய கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, தேக்கு விட்டம், கைமரம், மங்களூர் ஓடு. ஓடு ஒழுக ஆரம்பித்திருந்தது, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளில் பாதி உளுத்துப்போயிருந்தது. ஓடுகளை எடுத்துவிட்டு, கூரையைத் தாங்க இரும்பு டிரஸ் (சட்டம்) போட்டு, மேலே கலர் சீட் (வண்ணத் தகரம்) போடுவது, பின்கட்டில் சமையலறையைக் கொஞ்சம் நீட்டி பாத்ரூமோடு சேர்த்து கான்கிரீட் போடுவது, இவ்வளவுதான் வேலை. மெட்டீரியலோடு சேர்த்து ஒன்பதரை லட்சம் என்று பேசி முடித்தோம். ஆடியில் பேசினோம், ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிடும் என்றார். அவர் கட்டியதாகச் சொன்ன இரண்டு வீடுகளைப் போய்ப் பார்த்தோம். நன்றாகவே இருந்தன. அதில் ஒரு வீட்டில் அவர் செய்தது பெயின்ட் வேலை மட்டும்தான், கட்டியது வேறு ஒரு மேஸ்திரி என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் வீட்டைக் காட்டினால் மட்டும் போதாது. அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியதா, கடைசித் தவணை வாங்கிய பிறகும் ஒழுகலைப் பார்க்க அந்த ஆள் வந்தாரா என்று கேளுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். ஒப்பந்தத்தில் அவர் எழுதிய தவணை இப்படி: கையெழுத்துப் போட்டதும் 30 சதவீதம், பழைய கூரையைப் பிரித்ததும் 30, சீட் வந்து இறங்கியதும் 25, வேலை முடிந்ததும் 15. பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் கூரையைப் பிரிப்பது ஒரு வேலையே இல்லை. ஐந்தாறு பேர் இரண்டு மூன்று நாளில் பிரித்துப் போட்டுவிடலாம். அதற்குள் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் அவர் கைக்குப் போய்விடுகிறது, உங்கள் வீடோ வானம் பார்த்து நிற்கிறது. அதற்குப் பிறகு பேரம் பேசும் நிலையில் நீங்கள் இல்லை. அவர் என்ன கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அதாவது அக்டோபர், நவம்பரில். கூடலூர்க்காரர்களுக்கு ஜூன், ஜூலையில் வரும் கவலை நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும். எங்கள் கூரையை அவர் பிரித்தது செப்டம்பர் கடைசியில். ஆடி, ஆவணி முழுக்க 'ஆள் கிடைக்கல அக்கா', 'வேற சைட்டுல கான்கிரீட் இருக்கு அக்கா' என்று தள்ளிக்கொண்டே வந்தவர், மழை நெருங்கியதும் ஒரே வாரத்தில் ஆட்களோடு வந்து பிரித்தார். அன்று அதைச் சுறுசுறுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டோம். பிரித்த மறுநாள் இரண்டாம் தவணையை வாங்கிக்கொண்டார். அத்தோடு ஆட்கள் நின்றுவிட்டார்கள்.

மண் சாந்துச் சுவரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அந்தச் சுவர் நூறு வருடம் நிற்கும், தலையில் தண்ணீர் இறங்காத வரைக்கும். கூரையை எடுத்ததும் சுவரின் தலை திறந்துவிடுகிறது. மழை அதில் இறங்கினால் கல்லுக்கு நடுவே இருக்கும் மண் கரைந்து வழியும். சுவர் வயிறு தள்ளும், பூச்சு பொத்துக்கொண்டு விழும். கூரை பிரித்த அன்றே சுவர்த் தலையைத் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, ஓரத்தில் கல் வைத்திருக்க வேண்டும். அவர் ஒரு துண்டு தார்ப்பாய்கூடக் கொண்டுவரவில்லை. முதல் மழை இரவில் பெய்தது. மாமியாரை அரவேனுவில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விடிந்ததும் நாங்களே பாய் வாங்கி வந்து கட்டினோம். அதற்குள் ஹால் சுவரில் ஒரு பக்கம் வெளியே தள்ளிவிட்டது.

அந்த வாரம்தான் போன் வந்தது. 'அக்கா, மேட்டுப்பாளையத்துல சீட் லோடு ரெடியா நிக்குது. இன்னும் ஒரு லட்சத்து இருபதாயிரம் போட்டா நாளைக்கே ஏத்திடலாம். இல்லேன்னா லாரி வேற ஊருக்குப் போயிடும்.' கூரை இல்லாத வீட்டுக்காரர் அந்த இடத்தில் என்ன செய்வார்? அனுப்பினோம். லாரி வந்தது, பத்து நாளைக்கும் மேல் கழித்து.

மெட்டீரியல் விஷயத்தில் மலையை ஒரு சாக்காக வைத்துக்கொள்வது இங்கே பலருக்குப் பழகிவிட்டது. எம்-சாண்ட், ஜல்லி, கம்பி, சிமென்ட் எல்லாம் கீழேயிருந்து மலை ஏறி வர வேண்டும், கூலி கூடுதல், மண் சரிந்தால் ரோடு அடைப்பு. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குள்தான் பொய்யும் ஒளிந்துகொள்கிறது. லோடு நிற்கிறது என்றால் கடையின் பெயரையும் போன் நம்பரையும் கேளுங்கள், நேராகக் கடைக்கே பேசுங்கள். பணத்தையும் கடைக்கே வங்கி வழியாக அனுப்புங்கள், பில் உங்கள் பெயரில் வரட்டும். நேர்மையான கான்ட்ராக்டர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். எங்கள் ஆள் 'பில் வேணும்னா ஜிஎஸ்டி பதினெட்டு சதவீதம் கூட ஆகும் அக்கா' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அப்புறம் வந்த சீட்டைப் பற்றி. எஸ்டிமேட்டில் 0.50 எம்எம் என்று எழுதியிருந்தார். பொறியாளர் ஸ்க்ரூ கேஜ் வைத்து அளந்தபோது 0.35 தான் காட்டியது. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, காற்று அடிக்கும்போது சத்தத்தில் தெரியும். ஆலங்கட்டி மழையும் காற்றும் உள்ள ஊருக்கு அந்தத் தடிமன் எந்த வகையிலும் போதாது. ஸ்க்ரூவை சீட்டின் மேட்டில் இறக்காமல் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இறக்கியிருந்தார்கள், பாதி இடத்தில் ரப்பர் வாஷரே இல்லை. சீட் இறங்கும்போதே ஒன்றை அளந்துவிடுங்கள். மேலே ஏற்றி ஸ்க்ரூ அடித்த பிறகு யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். சிமென்ட் மூட்டையிலும் எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்று அச்சடித்திருக்கும். நம் ஊர் மூடுபனியில் மூட்டை சீக்கிரம் ஈரம் இழுத்துக் கட்டி தட்டிவிடும். மூன்று மாதம் தாண்டிய மூட்டையை இறக்கவே விடாதீர்கள்.

பின்கட்டு கான்கிரீட்டை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. டிசம்பரில் ஸ்லாப், அதாவது மேல் தளம் போட்டார்கள். நான்காம் நாள் சென்ட்ரிங் ஆள் வந்து, ஸ்லாப் இறுகும் வரை அடியில் தாங்கி நிற்கும் முட்டு எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றினார். வேறு சைட்டுக்கு வேண்டுமாம். ஐஎஸ் 456 என்று கான்கிரீட் வேலைக்கு நாடு முழுவதுக்குமான ஒரு தரநிலை இருக்கிறது. நாலரை மீட்டர் அகலம் வரை உள்ள ஸ்லாபுக்கு முட்டுகளை 7 நாள் கழித்துத்தான் எடுக்கலாம், அதைத் தாண்டினால் 14 நாள் என்கிறது. அந்த 7 நாள் கணக்கும் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்குத்தான். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். மார்கழி இரவில் கோத்தகிரியில் 15 டிகிரி எங்கே இருக்கிறது? கீழே மேட்டுப்பாளையத்தில் காத்திருப்பதைவிட இங்கே கூடுதல் நாள் காத்திருக்க வேண்டும். அங்கே எடுக்க வேண்டிய நாளுக்கும் முன்பே இங்கே எடுத்துவிட்டார்கள். நடுவில் ஸ்லாப் தொய்ந்து, அடியில் குறுக்கே விரிசல் ஓடியிருக்கிறது. முட்டு எடுக்கும் நாளை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உங்கள் பொறியாளர் வந்து பார்த்த பிறகுதான் எடுக்கலாம் என்றும் எழுதுங்கள்.

அனுமதி வாங்கித் தருவதாக 35,000 ரூபாய் தனியாக வாங்கினார். 'ஆபீஸ் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்.' ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டால் எங்கள் பெயரில் ஒரு விண்ணப்பம்கூடப் பதிவாகவில்லை. இது மலைப்பகுதி. கூடுதலாகக் கட்டினால் திட்ட அனுமதி வேண்டும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் பொக்லைன் இறக்கக்கூடாது. 2009 நவம்பரில் நாற்பது பேருக்கு மேல் மண்ணில் புதைந்த மாவட்டம் இது. அந்தக் கட்டுப்பாடுகள் ஏன் இருக்கின்றன என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அனுமதி இல்லாமல் கட்டினால் நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும். விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள், ரசீதை நீங்களே வைத்திருங்கள். எங்கள் வீட்டு உடைந்த ஓடுகளையும் இடிபாட்டையும் அவர் ஆட்கள் பக்கத்து ஓடையில் கொட்டிவிட்டுப் போனதற்கும் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பழைய மரத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. 'இடிப்பு வேலை உட்பட' என்று மட்டும் இருந்தது. தேக்கு விட்டங்கள், இரண்டு ஜன்னல், உடையாத ஓடுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கிறேன் என்று ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. முற்றிய பழைய தேக்குக்கு இன்று என்ன விலை என்று ஏதாவது மரக்கடையில் கேட்டுப் பாருங்கள், அப்போது புரியும். பிரித்த பொருள் அத்தனையும் வீட்டுக்காரருக்கே சொந்தம், வீட்டு எல்லையைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும். பிரிப்பதற்கு முன் போட்டோ எடுத்து எண்ணி வையுங்கள்.

வேலைக்கு வந்த கொத்தனார், சித்தாள் யார் மீதும் எனக்கு வருத்தம் இல்லை. கடைசியாக வந்த நாளில் ஒரு கொத்தனார் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: 'எங்களுக்கும் ரெண்டு வாரக் கூலி நிக்குதுங்க. உங்க வீட்டுப் பணத்துலதான் அவரு பழைய சைட்டை முடிச்சாரு.' எங்கள் பணத்தில் முந்தைய வீடு, அடுத்த வீட்டுப் பணத்தில் எங்கள் வீடு என்று உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த வீடு கிடைக்காததால் போனை அணைத்துவிட்டார். பிறகு டவுனில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்காரர், எங்கள் வீட்டுக் கணக்கில் எழுதி வாங்கிய கடன் என்று ஒரு சீட்டோடு வந்து நின்றார். எங்கள் கையெழுத்து இல்லாத கடனுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்தோம். வேலை ஆரம்பிக்கும்போதே பக்கத்துக் கடைகளில் இதைச் சொல்லி வைத்துவிடுவது நல்லது.

காவல் நிலையத்தில் சிவில் விஷயம் என்றார்கள், மனுவுக்கு ரசீது மட்டும் வாங்கிக்கொண்டோம். நுகர்வோர் ஆணையம்தான் வழி. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. எங்களுடையது அதற்கு மேல், 10 லட்சத்துக்குள் என்பதால் 200 ரூபாய். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள். வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு, தேதியோடு போட்டோ, பொறியாளரின் மதிப்பீடு, இவற்றைச் சேர்த்து வைத்திருந்ததால்தான் எங்களால் போட முடிந்தது. கையில் ரொக்கமாகக் கொடுத்த தொகைக்குத்தான் இப்போது அலைகிறோம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு, கூரையை இன்னும் பிரிக்காமல் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இப்போதே உட்கார்ந்து தவணையை மாற்றுங்கள். டிரஸ்ஸை வெல்டிங் முடித்து, சீட்டை வாசலில் இறக்கி, அளந்து பார்த்த பிறகுதான் ஓட்டில் கை வைக்கலாம் என்று எழுதுங்கள். பிரிப்பதற்குத் தவணை வேண்டாம். கூரை ஏறி ஒரு நல்ல மழை பெய்து ஒழுகாமல் இருந்த பிறகு கொடுக்க 20 சதவீதமாவது கையில் நிற்கட்டும். பாத்ரூம் தளத்துக்கு டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துக் கீழே கசிகிறதா என்று பாருங்கள், அதற்கும் ஒரு தவணை வையுங்கள். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாத ஆள் என்றால், பிரிக்கும் முன்பே அவரை அனுப்பிவிடுங்கள். கொடுத்த அட்வான்ஸ் போனாலும் வீட்டின் தலையில் ஓடு இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது உள்ளூர் மேஸ்திரி ஒருவர் வேலை பார்க்கிறார். கூலி வாராவாரம் சனிக்கிழமை, மெட்டீரியலை நாங்களே வாங்குகிறோம். தள்ளிய சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்டியாகிவிட்டது, சீட்டும் மாற்றியாகிவிட்டது. பின்கட்டு ஸ்லாபை இடிப்பதா, அடியில் உத்திரம் கொடுத்து நிறுத்துவதா என்று பொறியாளர் இந்த மாதக் கடைசியில் வந்து பார்த்துச் சொல்வதாக இருக்கிறார்.