வகுப்பறை, இணையம், இரண்டும் கலந்தது: எது தேறும்?

சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் மூன்றையும் பார்த்துவிட்டார்கள். வகுப்பறை பழகியதுதான். 2020 ஏப்ரல் 8 முதல் சில வாரங்கள் எல்லாப் பாடமும் வீட்டிலிருந்தபடியே நடந்தது. 2021 மூன்றாம் தவணை முதல் உயர்நிலைப் பள்ளிகளும் தொடக்கக் கல்லூரிகளும் படிப்படியாகக் கலப்புக் கற்றலுக்கு மாறின. மாதத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் வீட்டில், மற்ற நாளெல்லாம் பள்ளியில்.

முழு இணையப் பாடத்தை நெருக்கடிக் கால ஏற்பாடு என்று ஒதுக்கிவிடலாம். தானாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளை சமாளிக்கும். கேமராவை அணைத்துவிட்டு வேறெங்கோ போகிற பிள்ளையை யார் பிடிப்பது?

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். தமிழ்ப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் எல்லாரும் பேச வேண்டுமென்றால் ஒருவருக்கு ஓரிரு நிமிடம் கிடைத்தாலே பெரிது. கூச்சப்படுகிற பிள்ளைக்கு அதுவும் வாய்க்காது. கல்வி அமைச்சின் இணையத் தளமான மாணவர் கற்றல் தளத்திலோ ஒரு காணொளியைப் பார்த்து, பேசிப் பதிவு செய்து, பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு மறுபடி பேசலாம். வாய்மொழித் தேர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் எதிரே இருப்பவர் குறுக்குக் கேள்வி கேட்டால் சட்டென்று பதில் சொல்லும் பழக்கம் பதிவில் வராது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன எல்லா இனக் குடியிருப்பாளர்களிலும் 2.5 விழுக்காடுதான். தமிழ்க் குடும்பங்களிலேயே பலவற்றில் ஆங்கிலம்தான் புழங்குகிறது. வகுப்பு இல்லாத நாளில் தமிழே காதில் விழாத பிள்ளைகளும் உண்டு.

கணக்கில் கதை வேறு. விடை சரியா தப்பா என்று தளம் உடனே சொல்லிவிடும். வழிமுறை எங்கே பிசகியது என்பதைக் கண்டுபிடிக்க ஆசிரியர் வேண்டும்.

அமெரிக்கக் கல்வித் துறை 2009இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் கலப்பு முறைக்கே சற்றுக் கூடுதல் பலன் என்றது. கூடவே ஓர் எச்சரிக்கை: கலப்பு முறையில் கூடுதல் நேரமும் பாடப்பொருளும் சேர்ந்தே வந்தன, அதனால் பலன் இணையத்தால்தான் என்று சொல்லிவிட முடியாது. பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளும் அதில் மிகக் குறைவு.

என் ஓட்டு உயர்நிலையில் கலப்புக்குத்தான், ஒரு நிபந்தனையோடு. வீட்டில் செய்த பதிவை ஆசிரியர் கேட்டிருக்க வேண்டும், அடுத்த வகுப்பு அதிலிருந்து தொடங்க வேண்டும். கேட்க ஆளில்லாத பதிவை இரண்டாம் முறை எந்தப் பிள்ளையும் ஒழுங்காகச் செய்யாது. தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்கு வகுப்பறையே போதும். அந்த வயதில் கலப்பு என்றால் அம்மாவோ அப்பாவோ விடுப்பு எடுத்துப் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.