22எச்2-வில் பூட்டு போட்ட கம்ப்யூட்டர்

"அண்ணே, விண்டோஸ் 11-க்குத் தானா மாறாம இருக்க ஏதோ பூட்டு போட்டு வச்சிருக்கீங்களாமே, நல்லா இருக்கா?" பக்கத்து ஊரில் அச்சகம் வைத்திருக்கும் தம்பி கேட்டான். நல்லா இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அது பாதி பதில்தான் என்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது டிடிபி கடை. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு, பழைய லேசர் பிரிண்டர், அதை இயக்கும் டிரைவர் மென்பொருள். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். அதன் பிறகு சின்னத் திருத்தங்கள் தவிர புதுப் பதிப்பே கிடையாது. இந்த நாலும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் ஓடுவதே பெரிய விஷயம். புது விண்டோஸ் வந்தால் கட்டாயம் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. ஆவணி மாசம், முகூர்த்தப் பத்திரிகை புரூஃப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லை, அவ்வளவுதான்.

பூட்டு என்பது தனி மென்பொருள் இல்லை. விண்டோஸ் 10 ப்ரோவிலேயே இருக்கிறது. விண்டோஸ் நடந்துகொள்ளும் விதிகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட், விண்டோஸ் அப்டேட் ஃபார் பிசினஸ் என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் 'செலக்ட் த டார்கெட் ஃபீச்சர் அப்டேட் வெர்ஷன்' என்று ஒன்று வரும். அதை இயக்கி, எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு என்று இரண்டு கட்டத்தில் நிரப்ப வேண்டும். முதலில் 'விண்டோஸ் 10', அடுத்து '22எச்2', அதாவது 2022-ன் இரண்டாம் பாதிப் பதிப்பு. முதல் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 11-க்கும் 22எச்2 என்று ஒரு பதிப்பு உண்டு. ஹோம் எடிஷனில் இந்த எடிட்டர் கிடையாது. அங்கே ஸ்டீவ் கிப்சனின் 'இன்கண்ட்ரோல்' என்ற குட்டி நிரல் இதே மதிப்புகளை, விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிடும். இலவசம்தான். இன்ஸ்டால் செய்யவும் தேவையில்லை.

இதில் எனக்குப் பிடித்தது, இது அப்டேட்டையே நிறுத்துவதில்லை. மாதாமாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகும் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல வந்து இறங்கும். ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிற தாவல் மட்டும் நின்றுவிடும். கடை நெட் இணைப்பை 'மீட்டர்ட்', அதாவது டேட்டா அளவு வைத்த இணைப்பு, என்று குறித்து வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. கேபிள் இணைப்பில் அந்த வசதி 2017-ல் வந்த கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்துதான் இருக்கிறது. அதுவும் சல்லடை மாதிரி, எது நிற்கும் எது நிற்காது என்று நம்மால் சொல்ல முடியாது. பின்னணியில் ஓடும் நிரல்களின் பட்டியலான சர்வீசஸில் போய் விண்டோஸ் அப்டேட்டையே டிசேபிள் செய்பவர்களும் உண்டு. அதைத் திரும்ப எழுப்பிவிடுவதற்கென்றே 'அப்டேட் மெடிக் சர்வீஸ்' என்று ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பூட்டில் இந்தக் கண்ணாமூச்சி எதுவும் இல்லை. போட்டேன், நின்றது. கடையில் எனக்கு வேறு எந்த செட்டிங்கும் இவ்வளவு நிம்மதி தந்ததில்லை.

போட்ட பிறகு அப்டேட் பக்கத்தின் மேலே சிவப்பில் ஒரு வரி வரும்: சில செட்டிங்குகளை உங்கள் ஆர்கனைசேஷன் நிர்வகிக்கிறது என்று. ஆர்கனைசேஷன் என்றால் நான், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. முதலில் சிரிப்பாக இருந்தது.

இப்போது அந்த வரியைப் பார்த்தாலே எரிகிறது. தனி ஆள் ஒருவன் "வேண்டாம்" என்று சொல்ல அங்கே பொத்தான் இல்லை. 'பிறகு' உண்டு, 'இன்று இரவு' உண்டு, தற்காலிகமாக நிறுத்தி 35 நாள் வரை தள்ளிப்போடும் 'பாஸ்' உண்டு. வேண்டாம் என்பதற்கு மட்டும் கம்பெனி வேஷம் கட்டி ஐந்து அடுக்கு உள்ளே போக வேண்டியிருக்கிறது.

இதன் வேர் 2015-ல் இருக்கிறது. அந்த வருடம் ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தது, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் மாறினால் இலவசம். இரண்டு, மூன்று வருடத்தில் 100 கோடிக் கருவிகள் என்பது மைக்ரோசாஃப்ட் அறிவித்த இலக்கு. கேபி3035583 என்ற திருத்தம் கடிகாரத்துக்குப் பக்கத்தில் 10-க்கு மாறச் சொல்லும் ஒரு வெள்ளை ஜன்னல் படத்தைக் கொண்டுவந்து வைத்தது. கேட்காதவர்களின் கம்ப்யூட்டரிலும் பல ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்புகள் மறைவான ஃபோல்டரில் இறங்கின. ஜியோ வராத காலம் அது. மாதத்துக்கு ஒரு ஜிபி, இரண்டு ஜிபி என்று டாங்கிளுக்கு அளந்து ரீசார்ஜ் செய்தவர்களுக்கு இது என்ன செலவு என்று நினைத்துப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் இந்த மேம்படுத்தலே 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற, தானாகவே இறங்கக்கூடிய வகைக்கு மாறியது. மே மாதம் உச்சம்: இத்தனை மணிக்கு மாற்றப்போகிறோம் என்று ஒரு பெட்டி வரும், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால் ரத்தாகாது. பார்த்துவிட்டீர்கள், சம்மதம் என்று பொருள். ரத்து செய்வதற்கான இணைப்பு நடுவில் சின்ன எழுத்தில் இருந்தது. கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் பயண முகவர் ஒருவர், கேட்காமல் வந்த மேம்படுத்தலால் தொழில் கெட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். மைக்ரோசாஃப்ட் மேல்முறையீட்டைக் கைவிட்டது. அந்த வருடக் கடைசியில் அவர்களின் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலாவே, எல்லை மீறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017 மே 12-ல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வன்னாக்ரை வைரஸ் பரவியபோது அதற்கான திருத்தம் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அடிபட்டதில் பெரும்பகுதி, அந்தத் திருத்தத்தைப் போடாத விண்டோஸ் 7. ஆக, எல்லாரையும் அவரவர் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்ற அவர்களின் பயம் பொய்யில்லை. ஆனால் அடுத்த வருடமே, 2018 அக்டோபர் பதிப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளை அழித்துவிடுகிறது என்று புகார் வந்து, அதை நிறுத்தி வைத்து நவம்பர் 13-ல்தான் மறுபடி வெளியிட்டார்கள். திருத்தம் வேறு, தாவல் வேறு. இந்தப் பூட்டு பிரித்துக் கொடுப்பது அதைத்தான். அதை ஏன் ஒரு சாதாரணப் பொத்தானாக வைக்கக்கூடாது?

பூட்டுக்கும் ஒரு குறை உண்டு. நிரந்தரம் கிடையாது. பூட்டிய பதிப்புக்கு ஆதரவு முடிந்து 60 நாள் தாண்டினால் விண்டோஸ் அதை மதிக்காமல் மேலே போய்விடும் என்று அவர்களின் ஆவணமே சொல்கிறது. அதனால் பழைய பதிப்புகளில் இருந்தபோது நானே நேரம் பார்த்து, சீசன் இல்லாத மாசத்தில், ஒவ்வொரு படியாக ஏறினேன். அதில் வருத்தம் இல்லை. நேரத்தை நான் குறித்தேன். 22எச்2 தான் விண்டோஸ் 10-ன் கடைசிப் படி. 2025 அக்டோபர் 14-ல் அதற்கும் ஆதரவு முடிந்துவிட்டது.

இங்கேதான் என் பாராட்டெல்லாம் தடுமாறுகிறது. திருத்தங்கள் வரும், தாவல் வராது என்பதுதானே பூட்டின் அழகு? இப்போது சும்மா பூட்டி வைத்தால் திருத்தமும் வராது. மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புத் திருத்த நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை வரும். அதற்கு 30 டாலர், அல்லது செட்டிங்குகளை அவர்களின் கிளவுடில் பேக்கப் செய்யச் சம்மதம், அல்லது மைக்ரோசாஃப்ட் தரும் ரிவார்ட்ஸ் பரிசுப் புள்ளிகள் 1,000. எப்படியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும்.

தம்பியின் கம்ப்யூட்டர் எட்டாம் தலைமுறை ஐ5, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்கிறது, 11-க்குத் தகுதியானது. பில் போடுவதும் வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பைப் பிரிண்ட் எடுப்பதும்தான் அதில் வேலை. அவனிடம், பூட்டெல்லாம் வேண்டாம், வேலையை வேறு டிரைவில் காப்பி எடுத்து வைத்துவிட்டு இந்த வாரமே 11-க்குப் போய்விடு என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நீங்க?"

என் மெஷினும் தகுதியானதுதான். ஆனாலும் போகவில்லை, நீட்டிப்பில் சேர்ந்திருக்கிறேன். பேஜ்மேக்கரைக் காரணம் சொல்லலாம், அது முழு உண்மை இல்லை. பாதி வீம்பு. 2026 அக்டோபர் 13 வரைக்கும் செல்லும்.