வின்சுக்கு எந்த வடம்: கம்பியா, டைனீமாவா, நைலோனா?

மணற்காட்டு மணலில் நாலு சில்லும் புதைந்த பிறகு வடத்தைப் பற்றி யோசித்துப் பயனில்லை. வடத்தை டிரம்மில் சுற்றி வாகனத்தை இழுத்தெடுக்கும் பொறியான வின்சைப் பூட்டும்போதே யோசித்துவிட வேண்டும்.

என் ஜீப்பில் இருப்பது 9,500 இறாத்தல் வின்ச். அதாவது ஏறத்தாழ 4.3 தொன் இழுக்கும். கூடவே வந்த கம்பி வடத்தை நாலு வருடம் பாவித்தேன். கல்லில் உரசினாலும் அது சட்டென்று அறாது, சூட்டையும் தாங்கும். ஆனால் நம் உப்புக்காற்றில் கறள் பிடிக்கிறது. செம்பியன்பற்றில் ஒரு நாள் கறள் தின்ற இழையொன்று அறுந்து முள்ளாக நின்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. தோல் கையுறையைத் துளைத்து உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அன்றே டைனீமாக் கயிற்றுக்கு மாற முடிவெடுத்தேன்.

டைனீமா, ஸ்பெக்ட்ரா என்பவை வணிகப் பெயர்கள். பொருள் ஒன்றுதான்: கடைப் பையின் பொலித்தீன் குடும்பம், மூலக்கூறுச் சங்கிலி மட்டும் பல மடங்கு நீளம். 10 மி.மீ. கனத்தில் தரமான கயிறு 8 தொன் வரை தாங்கும். ஏறத்தாழ அதே கனக் கம்பி ஆறரைத் தொன்தான். 28 மீற்றர் கம்பி 10 கிலோ வரும், டைனீமா 2 கிலோகூட வராது. தண்ணீரில் மிதக்கும். அறுந்தால் கம்பியைப் போலச் சாட்டையாக வீசாது. ஆனாலும் கொக்கி பறக்கலாம், எந்த வடமானாலும் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள்.

டைனீமாவுக்குப் பகை சூடும் மணலும். 150 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும், அதற்கு முன்பே பலம் குறையும். வடம் சுற்றும் டிரம்முக்குள்ளேயே பிரேக் இருக்கும் வின்சில், பாரத்தோடு வாகனத்தை இறக்கும்போது டிரம் கொதிக்கும். சமதரையான யாழ்ப்பாணத்தில் அந்த வேலை குறைவு. மலையகம் போகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். நமக்குத் தலையிடி மணல். பின்னலுக்குள் புகுந்து உள்ளிருந்தே இழைகளை அரிக்கும். ஒவ்வொரு முறையும் வந்தவுடன் வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து, பின்னலை இரு கையாலும் நெருக்கி விரித்து அலசி, நிழலில் காயவிடுகிறேன். உவர்க் கிணற்று நீர் வேண்டாம்.

மீன்பிடிச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதென்று நைலோனை டிரம்மில் சுற்றாதீர்கள். நைலோன் இழுபடும், இழுபட்ட விசையையெல்லாம் தேக்கி வைக்கும். இன்னொரு வாகனத்தால் வெட்டி இழுக்க அந்தக் குணம் நல்லது, வின்சில் ஆபத்து. நனைந்தால் பலமும் குறையும். பொலியெஸ்டர் வெயிலைத் தாங்கும். அதே கனத்தில் டைனீமாவின் பலத்துக்குக் கிட்டவும் வராது. மேலுறையாக இருந்தால் போதும்.

டைனீமா அறுந்தால் முடிச்சுப் போடக்கூடாது. வழுக்கும், பலமும் பாதியாகும். 12 புரிப் பின்னலின் நடு பொள்ளல், நுனியை அதற்குள் நீளமாகச் செருகிப் பிணைக்க வேண்டும். கயிறு பிணைத்துப் பழகிய கடற்றொழிலாளர் ஒருவரிடம் கேட்டால் கைபிடித்துக் காட்டித் தருவார். பனையில் கட்டும்போதும் வடத்தை நேரே சுற்றாமல் அகலப் பட்டியைச் சுற்றி அதில் கொளுவுங்கள்.

கம்பியிலிருந்து மாறுகிறவர்கள் வின்சுக்கு முன்னால் வடம் வெளிவரும் இடத்திலுள்ள ரோலரை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கம்பி கீறிய வரிகள் தட்டுப்பட்டால் அதையும் கழற்றி, மழமழப்பான அலுமினிய வழிகாட்டியைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த வரிகள் முதல் இழுவையிலேயே புதுக் கயிற்றை அரிக்கத் தொடங்கிவிடும்.