60,000 ஐ.யு. மாத்திரையும் என் 14 மாதங்களும்

முழங்கால் வலிக்காகப் போனபோது வைட்டமின் டி பார்த்தார்கள். 11 நானோகிராம்தான் இருந்தது. வாரம் ஒன்று வீதம் 8 வாரத்துக்கு 60,000 ஐ.யு. (சர்வதேச அலகு) மாத்திரை. நல்ல பலன் தெரிந்தது. இரண்டாம் மாதமே மாடிப்படி சுலபமானது.

அதனாலேயே நிறுத்த மனம் வரவில்லை. பழைய சீட்டைக் காட்டி வாங்கினேன். அப்புறம் கடையில் சீட்டையும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் வலி தலைகாட்டியதும் வாரம் இரண்டாக்கினேன். கூடவே வைட்டமின் டியின் ஒரு வகையான டி3 கலந்த கால்சியம் மாத்திரை, சத்துமாவு பானம், வைட்டமின் சேர்த்த பால். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்லதுதான். கூட்டிப் பார்க்கவே இல்லை. வாரம் இரண்டு மாத்திரை என்றால் நாளுக்கு 17,000 ஐ.யு.வுக்கு மேல். மருத்துவர் சொல்லாமல் பெரியவர்கள் நாளுக்கு 4,000ஐத் தாண்டக் கூடாது.

ஓராண்டு கழித்துத் தீராத தாகம். இரவில் நாலு முறை சிறுநீர். சர்க்கரையோ என்று பயந்தேன், அது இல்லை. மலச்சிக்கல், குமட்டல், ஓயாத அசதி. அசதிக்கென்று இன்னொரு சத்து மாத்திரையும் சேர்த்தேன்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று மருத்துவர் கேட்டபோது, "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். பொய் சொல்லவில்லை, சத்து மாத்திரை மருந்துக் கணக்கில் வரும் என்று தோன்றவே இல்லை. மனைவிதான் டப்பாக்களைப் பையிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கினார். ரத்தத்தில் கால்சியம் 12.4, 10.5க்குள் இருக்க வேண்டியது. வைட்டமின் டி 150ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினினும் ஏறியிருந்தது.

வைட்டமின் சி மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி கொழுப்பில் கரைவது, உடம்பிலேயே தங்கும். அது மிஞ்சினால் குடல் கால்சியத்தை அளவுக்கு மேல் உறிஞ்சும். அந்தச் சுமை சிறுநீரகத்தின் தலையில் விழும். தாகத்துக்கும் அடிக்கடி போனதற்கும் காரணம் இதுதான். எலும்புக்காகச் சாப்பிட்டது சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று கேட்டபோது உண்மையிலேயே கலங்கிப் போனேன்.

எல்லாவற்றையும் நிறுத்தி, மூன்று நாள் சலைன் ஏற்றினார்கள். கால்சியம் இறங்கச் சில வாரங்கள் ஆயின. வைட்டமின் டி அளவு சரியாகப் பல மாதங்கள்.

அந்த மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். குறைபாடு இருப்பவருக்கு அது தேவை. போன மாதம் அம்மாவுக்கும் அதையே எழுதிக் கொடுத்தார்கள். வாங்கி வந்ததும் அட்டையின் பின்பக்கம் எட்டாவது வாரத்தின் தேதியைப் பேனாவால் எழுதி, நாள்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தேன்.