பெயர் வைக்காத பிள்ளையும் என் கிளினிக் சாஃப்ட்வேரும்

கூடப் படித்த தோழி ஒருத்தி திண்டுக்கல் பக்கம் குழந்தைகள் கிளினிக் நடத்துகிறாள். இன்னும் நோட்டும் பேனாவும்தான். போன வாரம் ஒரு கிளினிக் சாஃப்ட்வேர் விளம்பரத்தை அனுப்பி, "நீ வச்சிருக்கிறது இதுதானே, விலையைப் பாதியாக் குறைச்சிருக்காங்க, வாங்கட்டுமாடி?" என்று கேட்டாள். புது வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தானாம் அந்த விலை. நான் போன மாதம்தான் முழுத் தொகையும் கட்டிப் புதுப்பித்தேன். அதனால் அவளுக்கு நான் எழுதும் இந்தப் பதிலை அந்த வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கழித்துவிட்டுப் படிக்கவும்.

டோக்கன், பில், மருந்துச் சீட்டு, தடுப்பூசி நினைவூட்டல், ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) இணைப்பு என்று விளம்பரத்தில் போட்டிருப்பதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறது. இத்தனை வருடமாக என் உயிரை வாங்குவது ஒரே ஒரு விஷயம். குழந்தைகள் கிளினிக்குக்கு என்று விற்கிற இந்தச் சாஃப்ட்வேருக்குப் பிறந்த குழந்தையைப் பதியத் தெரியாது.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், மஞ்சள்காமாலை இருக்கிறதா என்று பார்க்கத் தூக்கி வருகிறார்கள். பெயர் கிடையாது. 'பேபி ஆஃப் கவிதா' என்று போடுகிறோம். கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. சிஸ்டர் அதில் ஒரு புள்ளி வைத்து ஏமாற்றுவார். பிரசவம் தாய்வீட்டில் என்பதால் கொடுக்கிற செல் நம்பர் தாத்தாவுடையது. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்வார்கள். அப்புறம் பெயர் சூட்டி, பிள்ளை அப்பா வீட்டுக்குப் போனதும் நம்பர் மாறும். நடுவில் நியூமராலஜிக்காரர் ஆங்கில எழுத்துக்கூட்டில் ஒரு 'ஏ' சேர்த்துவிடுவார், இல்லாவிட்டால் ஒரு 'எச்'. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் தேடினால் பழைய பதிவு சிக்காது. வாசலில் கூட்டம் நிற்கும்போது சிஸ்டர் என்ன செய்வார், புதிதாக ஒன்று போட்டுவிடுவார். சாயங்காலம் அவரே வந்து, "மேடம், இந்தப் பாப்பா மூணா இருக்கு" என்பார்.

மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க நமக்கு வழி இல்லை. கம்பெனிக்கு எழுதினால் புகார் எண் வரும். சில நாள் கழித்து, பிரச்சினை தீர்க்கப்பட்டது என்று இன்னொரு மெயில் வரும். பாப்பா மூன்றாகவே இருக்கும்.

இத்தனைக்கும் நம் சட்டத்துக்குப் பெயரில்லாத பிள்ளை ஒரு பிரச்சினையே இல்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், தாமதக் கட்டணம் கட்டினால் 15 வருடம் வரைகூட. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்கத்தில் பிக்மி நம்பர் என்கிற கர்ப்பப் பதிவு எண் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் வாங்கும்வரை அது கூடவே வரும். அம்மாவின் அந்த நம்பரைப் போட ஒரு கட்டம் கொடுங்கள், பாதித் தலைவலி தீரும் என்று கேட்டுப் பார்த்தேன். "ஆபா இருக்கே மேடம்" என்றார்கள். 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுக்க வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் இதுதான் பதில். பெரும்பாலும் ஆதாரை வைத்து எடுக்கிற 14 இலக்க ஆபா எண் பெரியவர்களுக்குச் சரி. மூன்று நாள் பிள்ளைக்கு ஆதாரே எடுத்திருக்க மாட்டார்கள்.

நிர்வாகத் தொல்லைதானே என்று விட்டுவிடவும் முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதோ போட்டாகிவிட்ட பென்டாவேலன்ட் என்கிற ஐந்து நோய்த் தடுப்பூசிக்கு, 'பேபி ஆஃப் கவிதாவுக்குத் தவணை தவறிவிட்டது' என்று தாத்தாவுக்கு மெசேஜ் போகிறது, அவர் பதறிக்கொண்டு போன் செய்கிறார். அதுகூடப் பரவாயில்லை. அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாடிக் கொடுத்துத் தடிப்பு வந்ததை ஒரு பதிவில் சிவப்பில் குறித்திருப்பேன். இன்றைக்குத் திரையில் திறந்திருப்பது இன்னொரு பதிவாக இருக்கும். பாட்டி மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டும் பழைய அட்டைதான் பல நாள் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் அட்டையை நான் இன்னும் விடவில்லை, நீயும் விடாதே.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். மருந்தளவு கணக்கு அருமை. பத்து கிலோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150 மில்லிகிராம் பாராசிட்டமால். 5 மில்லிக்கு 250 என்கிற சிரப்பில் அது 3 மில்லி, 1 மில்லிக்கு 100 என்கிற டிராப்ஸில் ஒன்றரை மில்லி. வீட்டில் டிராப்ஸ் இருக்கும், சிரப் அளவு ஞாபகத்தில் இருக்கும், இரட்டிப்பாக உள்ளே போகும். இப்போது எந்த பாட்டில், எத்தனை மில்லி என்று தமிழிலேயே பெரிய எழுத்தில் அச்சாகி வருகிறது. மருந்துக் கடையிலிருந்து சந்தேகம் கேட்டு வருகிற போனும் நின்றுபோனது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வளர்ச்சி வரைபடம். ஐந்து வயதுவரை உலக சுகாதார அமைப்பின் அளவு, அதற்கு மேல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அளவு. குறைமாதப் பிள்ளைக்கு வயதைத் திருத்தி அதுவே போட்டுவிடுகிறது. "சாப்பிடவே மாட்டேங்கிறான், இளைச்சுட்டான்" என்று டானிக் கேட்டு வரும் பாட்டியிடம் திரையைத் திருப்பிக் காட்டுவேன். பேரனின் கோடு பிறந்ததிலிருந்து ஒரே சீராக ஏறிக்கொண்டிருக்கும். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "அப்ப டானிக் வேணாங்கிற" என்பார். நோட்டில் எழுதிய காலத்தில் இந்த வழக்கில் நான் ஜெயித்ததே கிடையாது. ஆனால் எடைகள் மூன்று பதிவில் சிதறிக் கிடந்தால் கோடும் மூன்று துண்டுதான். பாட்டி டானிக்கோடு போய்விடுவார்.

வாங்குவதென்றால் எப்போது மாறலாம் என்று அடுத்துக் கேட்பாய். தீபாவளிச் சலுகை முடிகிறது என்று அவசரப்படுத்துவார்கள். ஐப்பசி கார்த்திகையில் சளி, காய்ச்சல், டெங்கு என்று வாசல் நிறைந்திருக்கும்போது புதுத் திரையில் தட்டித் தடவ முடியாது. நான் பங்குனியில் ஆரம்பித்தேன், அதுவும் புதிதாகப் பிறந்தவர்களை மட்டும் முதலில் ஏற்றி. பழைய நோட்டுகளை உட்கார்ந்து ஏற்றவே இல்லை, அந்தந்தப் பிள்ளை வரும்போது முக்கியமானதை மட்டும் எழுதிக்கொண்டோம். உன் கிளினிக்கில் வாசலில் உட்காருகிறவர் நிலையாக இருப்பாரா என்று பார். கல்யாணமாகிப் போகப்போகிற பெண் என்றால் அடுத்தவர் வந்து பழகட்டும். அப்புறம், நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்கு மாறினால் எடையும் தேதியும் எக்செல்லில் வருமா என்று எழுத்தில் வாங்கு. எனக்கு பிடிஎஃப் தருவதாகச் சொல்கிறார்கள். அதை வைத்து நான் என்ன செய்ய?

இவ்வளவு புகழ்ந்தபிறகு சொல்கிறேன், இந்த வருடம் வாங்காதே. அந்தப் பணத்துக்கு நல்ல டிஜிட்டல் எடை மிஷின் வாங்கிப் போடு. நான் ஏன் புதுப்பித்தேன் என்று கேட்காதே, என் பிள்ளைகளின் கோடெல்லாம் அதற்குள் இருக்கிறது. விற்க ஆள் வந்தால் மட்டும் ஒரு வேலை செய். பெயர் வைக்காத இரட்டைப் பிள்ளைகளை உன் கண் முன்னால் பதியச் சொல். அம்மா பெயர் ஒன்று, நம்பர் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று. ஒரே பாப்பாவை மூன்றாக ஏற்றுக்கொள்கிற சாஃப்ட்வேர், இங்கே இரண்டாவது பிள்ளையை 'ஏற்கெனவே உள்ளது' என்று திருப்பி அனுப்பும். அனுப்பாமல் இரண்டையும் வாங்கிக்கொண்டால் எனக்கு ஒரு போன் போடு, நானும் மாறிக்கொள்கிறேன்.