திருச்சியிலிருந்து பர்மிங்காமுக்கு ஒரு புல்லட் எஞ்சின்

மோட்டார் சைக்கிள் எஞ்சினை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சரக்கு நிறுவனங்களுக்குப் போன் செய்யும்போது, அவர்கள் முதலில் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். "எத்தனை கிலோ?" என்று மட்டும் கேட்டு மறு நொடியே விலை சொல்கிறவரிடம் ஒப்படைக்காதீர்கள். "எண்ணெய் வடித்தாயிற்றா? எஞ்சின் எண்ணுக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா? பெட்டி என்ன மரத்தில் செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அவரிடமே கொடுங்கள். அப்பாவின் பழைய புல்லட் 350 எஞ்சினை நான் வசிக்கும் பர்மிங்காமுக்கு அனுப்பி, இங்கே பெற்றுக்கொண்ட கையோடு இதைச் சொல்கிறேன்.

வண்டியின் சேசிஸ் துருவேறி இற்றுப்போய்விட்டது. எஞ்சின் மட்டும் நல்ல நிலையில் இருந்தது. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சி.சி. கொண்ட பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின். ராயல் என்ஃபீல்டு 2010 வாக்கில் கைவிட்ட வகை அது. பின்பக்கம் கியர்பாக்ஸ் நான்கு ஸ்டட்டில் இறுக்கப்பட்டிருக்கும். இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்க வேண்டும். விமானத்தில் பெட்டியோடு பெட்டியாகக் கொண்டுபோகலாமே என்று உறவினர்கள் சிலர் சொன்னார்கள். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பயணச் சுமையாக எடுக்க மாட்டார்கள். தவிர, பெட்ரோல் ஓடிய எஞ்சினைப் பயணச் சுமையில் ஒளித்து வைப்பது மற்றப் பயணிகளுக்குச் செய்யும் துரோகம்.

பாலக்கரைப் பக்கம் புல்லட் மட்டுமே பார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அந்த மெக்கானிக் அண்ணனின் வேலையை நின்று பார்த்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய நிறைவு. புல்லட்டுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸுக்குள்ளேயே ஓர் அறை தொட்டியாக இருக்கிறது. "அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, வடிந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள், தம்பி. கப்பலில் சாய்ந்து கிடக்கும்போது மீதி எல்லாம் வெளியே வரும்" என்றார். தொட்டியைத் தனியாக, கிராங்க் அறையைத் தனியாக வடித்தார். டைமிங் பக்கத்து ஃபில்டர் அறையைத் திறந்து துடைத்தார். கிளட்ச் பக்கத்துச் செயின் அறையையும் விடவில்லை. பிறகு எஞ்சினை ஒரு பக்கமாகச் சாய்த்து, கீழே தட்டு வைத்து, இரவு முழுவதும் அப்படியே விட்டார். காலையில் தட்டில் ஒரு டம்ளர் எண்ணெய் நின்றது. எல்லாம் வடிந்துவிட்டதாக நான் நினைத்திருந்த எஞ்சினிலிருந்து வந்த எண்ணெய் அது.

கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, காற்றடித்து, பெட்ரோல் வாடை போகும்வரை வெயிலில் வைத்தார். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் புது எண்ணெயை ஊற்றி, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டினார். கன்டெய்னருக்குள் பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உட்புறம் வியர்த்துச் சொட்டும். அந்த ஈரத்தில் வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடிக்காமல் இருக்க இந்த எண்ணெய்ப் படலம் வேண்டும். இன்லெட்டையும் சைலன்சர் வாயையும் மரக்கட்டையால் அடைத்தார். நான் கேட்டதற்காகச் செய்தவை அல்ல இவை. வேலை என்றால் இதுதான் என்று அவருக்குத் தெரியும்.

பெட்டி செய்த ஆசாரியும் அப்படியே. எஞ்சினின் கனம், சூட்டைத் தணிக்கும் சிலிண்டர் சிறகுகள் மேல் விழக் கூடாது, விழுந்தால் பிஸ்கட் போல ஒடியும் என்று மெக்கானிக் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். வண்டியில் எஞ்சினைப் பிடித்திருந்த அதே போல்ட் ஓட்டைகளைப் பயன்படுத்தி, இரண்டு தடித்த கட்டைகளுக்கு நடுவே அதைத் தொங்கவிட்டாற்போல இறுக்கினார். பெட்டியைப் பிடித்து உலுக்கினோம். உள்ளே ஒன்றும் அசையவில்லை. அடியில் ஃபோர்க்லிஃப்ட் நாக்கு நுழைய இடைவெளி விட்டார்.

மரம்தான் சிக்கலானது. வெளிநாடு போகும் பெட்டியில் பதப்படுத்தாத மரம் இருந்தால் பூச்சி பரவும் என்பதால், ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிப்படி, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும். அதற்கான கோதுமைக் கதிர் முத்திரை பெட்டியில் தெரிய வேண்டும். பிளைவுட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அடிக்கட்டைகள் முழு மரம் என்பதால் அவற்றுக்கு உண்டு. முத்திரை போட்ட கட்டைகளை வாங்கி வந்து அடிப்பாகம் முழுவதும் அவற்றாலேயே செய்தார் ஆசாரி. நான் பேசிய ஏஜென்ட்களில் ஒருவர், அந்த முத்திரையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்று சிரித்தார். அந்த அலட்சியம் எனக்குக் கோபத்தைத்தான் வரவழைத்தது. பெட்டி அங்கே தடுக்கப்பட்டால் செலவு அவருடையதா?

ஆர்.டி.ஓ. அலுவலக வேலை நினைத்ததைவிட எளிதாக முடிந்தது. வண்டி இனி ஓடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி பதிவை ரத்து செய்யக் கொடுத்தோம். அந்த உத்தரவின் நகலும், எஞ்சின் எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சும் பிறகு சுங்கத்தில் கைகொடுத்தன. திருட்டு எஞ்சின் அல்ல என்பதற்கு வேறு என்ன சாட்சி காட்ட முடியும்?

விமானமா கப்பலா என்பது அடுத்த கேள்வி. விமானச் சரக்கில் பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்து, கிலோவில் ஓர் எடை கணக்கிடுவார்கள். கூரியர் என்றால் 5,000. அதுவும் உண்மை எடையும் எது அதிகமோ அதற்குக் கட்டணம். எஞ்சின் போன்ற கனத்த பொருளுக்கு உண்மை எடைதான் நிற்கும். என் பெட்டி தராசில் 90 கிலோவை ஒட்டி நின்றது. அதோடு, எரிதிரவத்தில் இயங்கும் எஞ்சின்கள் ஐ.நா.வின் ஆபத்துச் சரக்குப் பட்டியலில் 3528 என்ற எண்ணில் வருகின்றன. சுத்தமாக வடித்து ஆவி போக்கியதை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கப்பலில் கன்டெய்னரைப் பலரோடு பகிர்ந்துகொள்ளும் முறையைத் தேர்ந்தேன். அதில் ஒரு கன மீட்டர்தான் குறைந்தபட்சக் கட்டணம். என் பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் முழுக் கன மீட்டருக்குக் கொடுத்தேன். மிச்ச இடத்துக்குப் பாத்திரம், புடவை என்று சேர்க்க அம்மா ஆசைப்பட்டார். இயந்திரத்தோடு வீட்டுச் சாமானைக் கலந்தால் சுங்கத்தில் ஒன்றால் மற்றது நிற்கும் என்று நான் தேர்ந்த ஏஜென்ட் நேர்மையாகச் சொல்லித் தடுத்துவிட்டார்.

திருச்சியிலிருந்து லாரி சர்வீஸில் சென்னை போன பெட்டி திருவொற்றியூர் வழியாகச் சரக்குக் கிடங்குக்குச் சென்றது. 1950களின் நடுவில் இந்தியாவில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது அந்தத் திருவொற்றியூரில்தான். அதற்கு முன் புல்லட் பிறந்த ரெட்டிச் நகரம் பர்மிங்காமுக்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இன்றும் பழைய என்ஃபீல்டு வண்டிகளைக் காப்பாற்றி ஓட்டுகிறவர்கள் இருப்பதால்தான் எஞ்சினைக் கொண்டுபோகும் துணிவு வந்தது.

பயணம் நீண்டது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியதை ஏஜென்ட் முன்பே சொல்லியிருந்தார். இங்கிலாந்தின் பெலிக்ஸ்டோ துறைமுகத்தில் வந்து இறங்கியதும் இந்தப் பக்கத்துக் கட்டணங்கள் தொடங்கின: கன்டெய்னரைப் பிரிக்க, ஆவணம் கொடுக்க, கிடங்கில் வைக்க. எல்லாம் சேர்ந்து கடல் கட்டணத்தைத் தாண்டிவிட்டன. பொருளின் மதிப்பையும் சரக்குக் கட்டணத்தையும் கூட்டி அதன் மேல் 20 சதவீத வாட் வரி வேறு. ஊரில் மலிவாக விலை சொன்ன மற்ற இரண்டு நிறுவனங்களும் இந்தக் கரைக் கட்டணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. விலைப்பட்டியலில் "இறங்கும் துறைமுகச் செலவு உட்பட" என்று எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பெட்டியைத் திறந்தபோது ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசிந்திருக்கவில்லை. சிறகுகள் முழுசாக இருந்தன. பாலக்கரை அண்ணனை வீடியோவில் அழைத்துக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, கிக்கர் பக்கம் போகவே கூடாது, முதலில் எண்ணெய் நிரப்பி, ஃபில்டர் அறையை நிறைத்து, ஆயில் பம்ப்புக்கு எண்ணெய் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் உதைக்க வேண்டும் என்றார்.