‘மேற்கத்திய உணவு’ சுண்டெலித் தீவனம்: சிறுநீரக ஆய்வில் பயன்படுத்திய அனுபவம்

இரத்தக் கொழுப்பு மிகும்போது சிறுநீரக நோய் விரைந்து முற்றுகிறதா என்பதைச் சுண்டெலிகளில் ஆராய்வதற்காக, ‘மேற்கத்திய உணவு’ என்ற வகையில் விற்கப்படும் தீவனத்தை எங்கள் ஆய்வகத்தில் வாங்கினோம். எடையில் 21 சதவீதம் கொழுப்பும் ஏறத்தாழ 0.2 சதவீதம் கொலஸ்ட்ராலும் உள்ள இத்தீவனத்தில், மொத்தக் கலோரியில் சுமார் 42 சதவீதம் கொழுப்பிலிருந்து, பெரும்பாலும் பால் கொழுப்பிலிருந்து, கிடைக்கிறது.

கொழுப்பை ஏற்றும் வேலையை இது குறைவின்றிச் செய்கிறது. இரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்ற உதவும் புரதத்துக்கான அப்போ-ஈ மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு (இவை 1992-இல் உருவாக்கப்பட்டவை) சாதாரணத் தீவனத்திலேயே கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் இருக்கும். இதைத் தின்னும்போது அது 1000-ஐத் தாண்டிவிடும். இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்ததும் மேலே நிற்கும் சீரம் பால்போல் வெளுத்திருப்பதே போதிய சான்று. அந்த வெண்மையே பிறகு தொல்லையாகவும் ஆகிறது: ஒளியை அளந்து கணக்கிடும் சோதனைகளை அது குழப்புகிறது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான, அதன் செயல்திறனைக் காட்டும் கிரியேட்டினினை எலிச் சீரத்தில் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டும் ஜாஃபே என்ற நிறமாற்ற முறையை எப்படியும் தவிர்த்து, நொதி முறையையே நாடுவது நல்லது.

விளக்கத் தாளில் இது ‘சிறுநீரகச் சேதத்துக்கான தீவனம்’ என்று குறிக்கப்பட்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சுண்டெலி தன் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்.டி.எல். துகள்களில் சுமக்கும் விலங்கு. பரவலாகப் பயன்படும் சி57 பிளாக் 6 இனமோ சிறுநீரக வடிமுடிச்சுகளில் (இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகளில்) தழும்பு எளிதில் விழாத இனம். மரபணு மாற்றமில்லாத அவ்வின எலிக்கு இதைக் கொடுத்தால் முதலில் கிடைப்பது பருத்த எலியே. மிகுந்த கொழுப்பு வடிமுடிச்சின் நுண்குழாய்களைத் தாங்கி நிற்கும் மெசாஞ்சியல் செல்களைத் தூண்டித் தழும்பை வளர்க்கும் என்ற கருதுகோள் 1982-இலேயே முன்வைக்கப்பட்டது. அதைச் சோதிக்க அப்போ-ஈ அல்லது எல்.டி.எல். ஏற்பி (‘கெட்ட கொலஸ்ட்ரால்’ துகளை இரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுக்கும் புரதம்) இல்லாத எலியோ, சிறுநீரகத் திசுவைக் குறைக்கும் அறுவையோ தீவனத்துடன் சேர வேண்டும். திசுவில் படிந்த கொழுப்பைக் காண உறைநிலை வெட்டுகளே உதவும். பாரஃபினில் பதிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் அதைக் கரைத்துவிடுகின்றன.

பெரிய மனக்குறை வேறொன்று. இதே மூலப்பொருள்களால் கொழுப்பை மட்டும் குறைத்துத் தயாரிக்கும் ஒப்பீட்டுத் தீவனத்தைத் தனியே கேட்டு வாங்க வேண்டும் என்பதை விற்பனையாளர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. தானியத் தீவனத்தை ஒப்பீடாக வைத்து எங்கள் முதல் தொகுதியை வீணாக்கினோம். இத்தீவனத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை என்பதால், சிறுநீரகச் சேதத்தைக் காட்டும் அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கூடினால் அது இரத்தக் கொழுப்பின் விளைவா, உடற்பருமனின் விளைவா, சர்க்கரையின் விளைவா என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. மனிதர்களிடமும் இந்தக் கேள்வி எளிதானதன்று: சிறுநீரக நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஷார்ப் ஆய்வில், கொலஸ்ட்ராலைக் குறைத்தபோது மாரடைப்பு போன்ற இரத்தக்குழாய் நிகழ்வுகள் குறைந்தன, சிறுநீரகச் செயலிழப்பை நோக்கிய போக்கு மட்டும் தணியவில்லை.

கையாளுவதிலும் பொறுமை வேண்டும். கட்டிகள் மென்மையானவை, எலிகள் தின்பதைவிட உதிர்ப்பது அதிகமோ என்று சில நாள்களில் தோன்றும். மரத்தூளில் கலந்த துகளைச் சலித்து எடை போடாவிட்டால் உண்ட அளவு மிகையாகவே பதிவாகும். கொழுப்பு சிக்கடிப்பதால் குளிரில் வைத்து, கூண்டிலிருப்பதை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மாற்றினோம். அடுத்த முறையும் இதையே வாங்குவேன், ஒப்பீட்டுத் தீவனமும் அதே பெட்டியில் வந்து சேருமானால்.